மேசைக்குத் திரும்பாத துணி

மாதா கோயிலுக்குப் பின்தெருவில், பூட்டு ரிப்பேர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போன ஓர் அறை. கதவைத் திறந்தால் மேசை, மேசைக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் சுவர். ஊரில் அவளுக்குப் பெயர் இஸ்திரி அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பெட்டியைத் தள்ளித் தள்ளி வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.

சட்டை, பள்ளிச் சீருடை எல்லாம் வரும் என்றாலும் அவளுடைய கௌரவம் கோயில் துணிகளில் இருந்தது. பீடத்து விரிப்பு, சாமியார்கள் பூசைக்குப் போடும் நீண்ட வெள்ளை அங்கி, பூவேலை செய்த மேலாடை. பூவேலையை நேர்ப்பக்கம் தேய்த்தால் நசுங்கிப்போகும். தடித்த துண்டை விரித்து, துணியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்கமாகத் தேய்த்தால்தான் பூ எழும்பி நிற்கும். பெட்டியைத் துணியில் வைக்கும் முன்னால் பழைய கந்தல் ஒன்றில் வைத்துச் சூடு பார்ப்பாள். எவ்வளவு தலைபோகிற அவசரமானாலும் கந்தலைத் தாண்டாமல் பெட்டி துணிக்குப் போகாது. ஏன் இந்தப் பயம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஒரு துடைப்பத்தோடு கிளம்புவாள். ஊர்க்கோடியில் பல வருடமாக மூடிக்கிடக்கும் தாய்மார் இல்லத்தின் பின்புறம் இடுப்பளவு மதில். மதிலுக்குள் முழங்கால் உயரத்தில் சிமெண்டுச் சிலுவைகள் இரண்டு வரிசை. எதிலும் பெயர் கிடையாது. எல்லாவற்றையும் சுற்றிப் பெருக்குவாள். முன்வரிசையில் மூன்றாவதை மட்டும் ஈரத்துணியால் துடைப்பாள். ஊர் இதைத் தொண்டு என்று எடுத்துக்கொண்டது. நல்ல மனசு என்றார்கள். எதையாவது ஒன்று என்று எடுத்துக்கொண்டால்தானே ஊருக்குத் தூக்கம் வரும்.

கர்தினால் வரப்போகிறார் என்று செய்தி வந்ததும் அந்தத் தூக்கம் கெட்டது. போப்பாண்டவருக்கு அடுத்த படியில் நிற்கும் மனிதர். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் இளம் சாமியாராக இருந்து, இதே தாய்மார் இல்லத்தை நடத்தியவர். கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு வந்து நிற்கும் பெண்களுக்கான இடம் அது. கோயில் பக்கத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, கடைத்தெருப் பக்கம் கறுப்புத் துணி கிழிபட ஆரம்பித்தது.

கிழித்தவள் பொத்தான் கடைக்காரி. நூல், ஊசி, பொத்தான், ஜிப் விற்பவள். அந்த இல்லத்திலேயே அநாதையாக வளர்ந்து, அங்கேயே தையல் அறையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இல்லத்தின் பதிவேடு பிஷப் வீட்டு அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது, அதைத் திறந்து காட்டிவிட்டு அந்த மனிதர் ஊருக்குள் வரட்டும். பிள்ளை செத்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டு, பின்னால் உயிரோடு யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. மதிலுக்குள் இருக்கும் சிலுவைகளில் பாதிக்குக் கீழே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை என்றாள். கையில் ஆதாரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

ஊர் இரண்டுபட்டது. வீடு தேடி வரும் பெரியவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்ன பழக்கம் என்றது ஒரு பாதி. கேள்விக்குப் பதில் இல்லாதவர் ஏன் வாசல்வரை வருகிறார் என்றது மறுபாதி. ஜெராக்ஸ் கடைக்காரன் மட்டும் இரண்டு பாதிக்கும் நல்லவன். வரவேற்பு நோட்டீஸையும் எதிர்ப்பு நோட்டீஸையும் ஒரே நாளில் அடித்தவன், கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான். பங்குத்தந்தை பிரித்துப் பார்த்தால் மேலே கொட்டை எழுத்தில் ‘பதில் சொல்லிவிட்டு உள்ளே வா’ என்று இருந்ததாம்.

எல்லாரும் சிரித்தார்கள். இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை. சிலுவைக்குக் கீழே ஒன்றுமில்லை என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொத்தான் கடைக்காரி கையில் மண்வெட்டியோடு வந்து இஸ்திரி அக்கா பெற்ற பிள்ளையைத் தோண்டி எடுத்து, இதோ பார், இல்லை என்று காட்டுவதுபோல இருந்தது. முப்பத்தொன்பது வருடத்தில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த மூன்றாவது சிலுவைதான். அதிலுமா கை வைப்பார்கள்?

பத்தொன்பது வயதில் அப்பா அவளை அந்த இல்லத்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். காரணமானவன் யார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம், அவனுக்கே வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் வெளியூரில் வேலை என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே இஸ்திரி அறை கிடைத்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண் கொடுத்து, பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்றுவதற்குத் தடித்த வெள்ளைத் துணி ஒன்றில் மூலையில் சிவப்பு நூலால் அந்த எண்ணைத் தைத்து வைப்பார்கள். அவள் எண் நாற்பத்தொன்று. ஏழாம் மாதம் ஒருநாள் தன் துணியைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தவள், வயிற்றுக்குள் பிள்ளை புரண்ட நினைப்பில் பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள். எண்ணுக்குப் பக்கத்தில் பெட்டி மூக்கின் அச்சு, கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாகத் தீய்ந்துவிட்டது. இல்லத்துச் சிஸ்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, உன் பிள்ளைக்கு இந்தத் தீய்ந்ததுதான், வேறு கிடையாது என்று தீர்த்துச் சொன்னாள்.

பெண் பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. தீய்ந்த மூலை வெளியே தெரிய, அந்தத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது என்றார்கள். இளம் சாமியாரே கட்டிலருகில் வந்து உட்கார்ந்து, தன் கையால் அடக்கம் செய்ததாகச் சொல்லி, பிற்பாடு மூன்றாவது சிலுவையைக் காட்டினார்.

அதன் பிறகும் ஒரு வருடம் அங்கேயே தேய்த்தாள். இல்லத்தில் துவைக்கிற ஒவ்வொரு துணியும் அவள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். தினமும் காலையில் கட்டைப் பயந்து பயந்து பிரிப்பாள், இன்றைக்கு அந்தத் தீய்ந்த துணி வந்துவிடுமோ, அதைத் தேய்த்து இன்னொருத்தி பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று. வரவே இல்லை. வெளியே போகிற நாளில் துணிந்து சாமியாரிடமே கேட்டாள், அவளை அந்தத் துணியோடேயே அடக்கம் பண்ணினீங்களா சாமி என்று. ஆமாம்மா என்றார் அவர். நல்ல துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் பிள்ளையோடு விட்டார்களே என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இத்தனை காலமும் பிழைத்தாள்.

இதெல்லாம் தெரிந்தவன் உயிரோடு இருப்பவர்களில் அவள் தம்பி ஒருவன்தான். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருப்பவன். வாயைத் திறந்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று முப்பத்தொன்பது வருடமாக அவளை அடக்கி வைத்திருந்தவன், பள்ளிக்கூட ஹாலில் பொதுக்கூட்டம் என்றதும் கடைக்கு வந்து மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“நீ எழுந்து நாலு வார்த்தை பேசினா போதும்கா. அவங்க வாய் அடைச்சுப்போகும்.”

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோகுமே.”

“நல்ல காரியத்துக்குத்தானே தெரியுது.”

மானம் எப்போது கப்பலேறும், எப்போது இறங்கும் என்பதெல்லாம் பேரவைத் தீர்மானம் போலிருக்கிறது. ஆனாலும் சம்மதித்தாள். தம்பிக்காக இல்லை. மூன்றாவது சிலுவைக்காக.

ஹாலில் உட்கார இடமில்லை. சன்னலுக்கு வெளியிலும் தலைகள். மருந்துக்கடைக்காரர் பேசினார், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பேசினாள், ஒருவர் பேச்சை இன்னொருவர் பிடுங்கிப் பேசினார். பொத்தான் கடைக்காரி ஒரு மணி நேரம் தனி ஆளாக நின்று எல்லாருக்கும் பதில் சொன்னாள். கை தூக்கச் சொன்னால் எதிர்ப்புக் கட்சிதான் ஜெயிக்கும் என்கிற நிலைமை. அப்போதுதான் தம்பி மைக்கை அக்காவிடம் நீட்டினான்.

அவளுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் அந்த இல்லத்தில் பெற்றவள் என்று சொன்னாள். எண்ணைச் சொன்னாள், தீய்ந்த மூலையைச் சொன்னாள், ஒரு வருடம் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்ததைச் சொன்னாள்.

“அந்தத் துணி என் மேசைக்குத் திரும்பி வரவே இல்ல. அவர் அதோடதான் என் பொண்ணை அடக்கம் பண்ணினார். செத்த பிள்ளைக்கு நல்ல துணியை விட்டுக்கொடுத்த மனுசன் அவர். அவரை வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்கணுமா?”

பெண்கள் அழுதார்கள். தலைமையாசிரியை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பொத்தான் கடைக்காரி மட்டும் பதில் சொல்ல எழுந்தவள், வாயைத் திறந்தாள், இஸ்திரி அக்காவைப் பார்த்தாள், திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன, வாய்க்குப் பொத்தான் போட்டாச்சா என்று தம்பி மைக்கிலேயே கேட்டான். ஹால் கொல்லென்று சிரித்தது. கை தூக்கச் சொன்னபோது எதிர்ப்புப் பக்கம் நான்கு கைகள்தான் எழுந்தன.

மறுநாள் காலை பொத்தான் கடைக்காரி கடை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் இஸ்திரி அக்கா நினைத்தாள். வந்தவள் குரலை உயர்த்தவே இல்லை.

“நேத்தே சொல்லியிருக்கலாம் அக்கா. சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு அதைச் செய்ய மனசு வரல.”

“எதை?”

“செத்த பிள்ளைக்கு நல்ல துணி போகாது. பழைய விரிப்பைக் கிழிச்சுத்தான் சுத்துவாங்க. நல்ல துணி துவைச்சு, தேய்ச்சு, என்கிட்ட தையலுக்கு வரும். பழைய நம்பரைப் பிரிச்சுட்டுப் புது நம்பர் தைப்பேன். நீங்க போனதுக்கப்புறம் ஏழு வருஷம் அதுதான் என் வேலை.”

இஸ்திரி அக்கா கந்தலில் வைத்த பெட்டியை எடுக்கவில்லை. “வராமயே போற துணி இருக்காதா?”

“இருக்கும். கார்ல போற பிள்ளையோடது வராது. வாங்கிட்டுப் போறவங்களுக்குப் பாக்க நல்லா இருக்கணும்னு அதே துணியில சுத்திக் கொடுத்துடுவாங்க.”

வெளியே போ என்றாள் இஸ்திரி அக்கா. அவள் உடனே போய்விட்டாள். கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் பெட்டியின் நினைப்பு வந்தது. தூக்கிப் பார்த்தால் கந்தல் ஓட்டையாகி, அடியிலிருந்த தடித்த துண்டும் தீய்ந்திருந்தது. முப்பத்தொன்பது வருடத்தில் இரண்டாவது தடவை.

பொய் என்று நினைத்துப் பார்த்தாள். தோற்றவள் எரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் மேசை அவளுடையது. கட்டுகளைப் பிரித்தவை அவள் கைகள். எண் மாறிய துணிகள் எத்தனையோ அந்த வருடம் அவள் மேசைக்கு வந்தன. பிரித்த சிவப்பு நூலின் ஊசித் துளைகள் பெட்டிக்கு அடியில் மறைவதைப் பார்த்திருக்கிறாள். அந்தத் துணிகளின் பழைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. தன் துணி ஒன்று வராததை மட்டும் தனக்குக் கிடைத்த சலுகை என்று எடுத்துக்கொண்டாள். எதையாவது ஒன்று என்று எடுத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்பது ஊருக்கு மட்டும் உள்ள வியாதியா என்ன? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கர்தினாலின் வெள்ளை அங்கி அந்த வாரமே தேய்க்க வந்தது. மேசையில் விரித்துவிட்டு வெகுநேரம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நொடி போதும். மார்பு நடுவில் பெட்டி மூக்கை அழுத்திவிடலாம். கைக்கு அது வரவில்லை. தன் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக இன்னொரு அங்கியை அவள் தேய்த்ததில்லை. அதற்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் வந்த அன்று கோயில் முகப்பில் காவல்துறைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம், சாலையோரத்தில், கறுப்புத் துணி பிடித்த நான்கே நான்கு பெண்கள். இந்தப் பக்கம், முதல் வரிசையில், மார்பில் விருந்தினர் அட்டை குத்திய இஸ்திரி அக்கா. கர்தினால் ஆண்டகைக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று தம்பி ஏற்பாடு செய்திருந்தான். இதோ சாட்சி சொன்ன பெண் என்று காட்ட வேண்டாமா?

பூசை முடிந்து அவர் வரிசையாக வந்தார். வயதாகிவிட்டது, காது மந்தம், கை நடுக்கம். முகத்தில் அதே பழைய கனிவு. அதைக் கண்டதும் அவளுக்கு ஒரு கணம் எல்லாமே தப்பாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர் அவள் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவள் அவர் காதுக்கருகில் குனிந்து, நான்கு நாளாகத் தயார் செய்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

“சாமி, என் பையனை அந்த நீலத் துணியிலதானே அடக்கம் பண்ணினீங்க?”

“ஆமாம்மா,” என்றார் அவர். “என் கையாலதான்.”

பக்கத்தில் நின்ற தம்பி பதறிப்போனான். அக்கா கூட்டத்தைப் பார்த்து உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு முன்னால் வந்து திருத்தினான்.

“பையன் இல்ல ஆண்டகை, பொண்ணு. வெள்ளைத் துணி.”

“ஆமாம்மா, பொண்ணு. வெள்ளைத் துணி,” என்று அவர் அதே கனிவோடு தலையாட்டினார். “நல்லா ஞாபகம் இருக்கு.” அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

அவர் பொய் சொன்னதாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எது கேட்டாலும் ஆமாம்மா என்பார். யார் அழுதாலும், எந்தத் துணி என்றாலும். அப்படி வாயில் வந்த ஒரு சொல்லைத்தான் அவள் முப்பத்தொன்பது வருடம் சனிக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தம்பி கையைப் பிடித்தான். உதறினாள். விருந்தினர் அட்டையைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு நடந்தாள். தடுப்பில் இருந்த காவலர், உங்க இடம் உள்ளேம்மா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போனாள். பொத்தான் கடைக்காரி நகர்ந்து இடம் விட்டு, கறுப்புத் துணியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள்.

ஆசீர்வாதம் வாங்கிவிட்டு வெளியே வந்த தலைமையாசிரியை அவளைப் பார்த்துத் தடுப்போரம் நின்றுவிட்டாள். சற்று தள்ளி மருந்துக்கடைக்காரரும் நின்றார். இரண்டு நாக்கு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது நன்றாகவே கேட்டது.

“நீங்கதானே அன்னிக்கு அழுது பேசினீங்க?” என்றாள் தலைமையாசிரியை. “உங்க பேச்சைக் கேட்டுத்தானே நான் தூக்கப்போன கையை இறக்கினேன்?”

“ஆமா டீச்சர்,” என்றாள் இஸ்திரி அக்கா. “நான்தான் இறக்க வெச்சேன்.”

தலைமையாசிரியை குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். எதிரே சாலை காலியாகக் கிடந்தது. அன்று ஹாலில் நிரம்பியிருந்த பாதி ஊரும் இங்கே நின்றிருக்க வேண்டியது. அதை வீட்டுக்கு அனுப்பிவைத்தவள் அவள்தான். ஐந்து பேருக்கு யார் பதிவேட்டைத் திறப்பார்கள்?

கார் வெளியே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஐந்து பெண்களையும் பார்த்துக் கையசைத்தார். மற்ற நால்வரும் கறுப்புத் துணியை உயர்த்தினார்கள், அவளும் உயர்த்தினாள். தாழ்ந்த தோள் அவ்வளவு உயரத்துக்கு எழும்பாததால் அவள் பக்கத்து முனை மட்டும் தொங்கியது. கார் வளைவில் திரும்பியது. ஒருநாள் இப்படித்தான் ஒரு கார் இல்லத்து வாசலிலிருந்து திரும்பிப் போயிருக்க வேண்டும். அவள் மாடியில் கட்டிலில் படுத்திருந்திருப்பாள், சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

அவள் பெண்ணுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. அவளை வளர்த்தவர்கள் அந்தத் துணியைத் தூக்கிப் போட்டிருக்கலாம், டிரங்குப் பெட்டியில் மடித்தும் வைத்திருக்கலாம். எண்ணைப் பிரித்துவிட்டிருந்தால் பிரித்ததுதான். ஆனால் தீய்ந்த தடம் எத்தனை துவைத்தாலும் போகாது. அது மட்டும் இஸ்திரி அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும்.